சிரிப்பவரிடம் இரண்டாம் முறை கேளுங்கள்

(நமது சங்கத்தின் மாதாந்திர மாலைச் சந்திப்பில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



செயலாளர் சார் என்னிடம் "ஏதாவது ஜாலியா பேசுங்க" என்றுதான் கேட்டார். அவர் மேல் தப்பில்லை. பொங்கலுக்குத் தம்போலா நம்பர் கூப்பிடுகிறவன், சுதந்திர தினத்தன்று மைக் பிடிக்கிறவன் என்றுதான் இங்கே என்னைப் பலருக்கும் தெரியும். அதனால் ஜாலியான ஒரு ஆளைப் பற்றியே பேசுகிறேன். பேச்சு கடைசிவரை ஜாலியாகவே போகும் என்று மட்டும் உத்தரவாதம் தர முடியாது.

ஆள் பெயர் டேனியல் ரிக்கார்டோ. ஃபார்முலா ஒன் கார் பந்தய ஓட்டுநர். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, அவர்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும். பெரியவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

ரிக்கார்டோ ஓட்டிக்கொண்டிருந்த காலத்தின் பெரும்பகுதியில் ஃபார்முலா ஒன்னில் 10 அணிகள், அணிக்கு 2 கார்கள். ஆக உலகத்திலேயே 20 ஸீட்தான். நம் விளையாட்டு விழாவில் மியூசிக்கல் சேர் நடத்துகிறோமே, அதேதான். ஒருவர் உட்கார வேண்டுமென்றால் இன்னொருவர் எழுந்தாக வேண்டும். அடுத்தது, ஒவ்வொரு அணியின் காரும் வேறு வேறு. வேறு அணிக்காரரிடம் தோற்றால் "அவன் கார் நல்ல கார்" என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரே அணியில் இருக்கும் இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே கார்தான். பக்கத்து காரில் இருப்பவரிடம் தோற்றால் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. இந்த இரண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை தானாகப் புரிந்துவிடும்.

ரிக்கார்டோ பிறந்தது 1989-ல், ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இருக்கும் பெர்த் நகரத்தில். இத்தாலிய வம்சாவளிக் குடும்பம். ஃபார்முலா ஒன்னுக்குள் அவர் நுழைந்ததில் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 2011 ஜூலையில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் அவர் ஓட்டிய முதல் பந்தயத்தில், அவருக்குக் கிடைத்தது நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் உட்கார்ந்திருந்த ஸீட். ஹிஸ்பானியா என்ற சின்ன அணி. அன்றைக்கு நம் ஊரில் பலருக்கு இந்த ஆஸ்திரேலியப் பையன் மேல் கோபம். எனக்கும்தான். அதே ஆண்டு அக்டோபரில் டெல்லிக்குப் பக்கத்தில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீயில் இரண்டு பேரும் ஒரே அணியில் ஓட்டினார்கள். நரேன் 17-வது, ரிக்கார்டோ 18-வது. வீட்டில் டிவி முன்னால் நான் போட்ட சத்தத்தில், முதல் இடத்துக்கு வந்தது யார் என்று என் மனைவி கேட்டார்.

ஆனால் இந்தப் பையன் மேல் ரொம்ப நாள் கோபப்பட முடியவில்லை. அப்படி ஒரு சிரிப்பு. முப்பத்திரண்டு பல்லும் தெரியும். ஹெல்மெட்டைக் கழற்றினால் சிரிப்பு, பேட்டி கொடுத்தால் சிரிப்பு.

சிரிப்பு மட்டும் இல்லை, கையில் சரக்கும் இருந்தது. 2014-ல் ரெட் புல் என்ற பெரிய அணியில் சேர்ந்தார். பக்கத்து காரில் இருந்தவர் செபாஸ்டியன் வெட்டல், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளும் உலக சாம்பியன். அந்த ஆண்டு ரிக்கார்டோ மூன்று பந்தயங்களை வென்றார். வெட்டல் ஒன்றுகூட வெல்லவில்லை. பிரேக் பிடிப்பதில் ரிக்கார்டோ கெட்டிக்காரர். முன்னால் போகிறவர் "இவ்வளவு தூரத்திலிருந்து எவனும் உள்ளே நுழைய மாட்டான்" என்று நினைக்கும்போது நுழைந்துவிடுவார். 2018 மொனாக்கோவில் பாதிக்கும் மேற்பட்ட தூரத்தை, மின் மோட்டார் பழுதாகி பவர் குறைந்துபோன காரிலேயே ஓட்டி, ஒருவரையும் முந்தவிடாமல் ஜெயித்தார்.

2016-லிருந்து மேடையில் ஒரு கூத்தும் சேர்ந்துகொண்டது. காலில் போட்டிருந்த ஷூவைக் கழற்றி, அதில் ஷாம்பெயினை ஊற்றிக் குடிப்பார். வேர்வையில் ஊறிய ஷூ! முகம் சுளிக்காதீர்கள், ஹாலிவுட் நடிகர் பேட்ரிக் ஸ்டூவர்ட்டே ஒருமுறை கனடாவில் மேடையேறி அந்த ஷூவில் குடித்திருக்கிறார். 2019-ல் நெட்ஃபிளிக்ஸில் ஃபார்முலா ஒன் தொடர் வந்தபோது, கார் பந்தயம் என்றால் என்னவென்றே தெரியாதவர்களுக்கும் இவரைப் பிடித்துப்போனது. விளம்பரதாரர்களுக்கு வேறென்ன வேண்டும்? அவருடைய சிரிப்பே ஒரு பிராண்ட் ஆகிவிட்டது.

கதை இங்கிருந்துதான் திரும்புகிறது.

ரெட் புல்லில் அவர் பக்கத்தில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் என்ற இளைஞர் வந்து, அணி மெல்ல அவர் பக்கம் சாய்ந்தது. 2018 முடிவில் ரிக்கார்டோ அங்கிருந்து கிளம்பி ரெனோ அணிக்குப் போனார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2021-ல் மெக்லாரன். அவரைவிடப் பத்து வயது சின்னவரான லாண்டோ நோரிஸ் அங்கே ஏற்கெனவே இருந்தார். எல்லோரும் எதிர்பார்த்தது, அனுபவசாலி வந்து சின்னப் பையனுக்குப் பாடம் எடுப்பார் என்று. நடந்தது தலைகீழ்.

என்ன பிரச்சினை என்றால், அந்தக் கார் அவருடைய பழக்கத்துக்குப் பொருந்தவில்லை. வளைவுக்குள் வேகத்தை விடாமல் வழுக்கிக்கொண்டு போவது அவர் பாணி. மெக்லாரன் காரோ, கடைசி நொடிவரை பிரேக்கை மிதித்துக்கொண்டே திருப்பினால்தான் பேச்சைக் கேட்கும். நம்மில் பலர் இருபது வருஷம் கிளட்ச், கியர் வண்டி ஓட்டிவிட்டு ஆட்டோமேட்டிக் வாங்கியிருக்கிறோம். முதல் ஒரு மாதம் இடது கால் என்ன செய்தது? இல்லாத கிளட்சைத் தேடியது. பேஸ்மென்ட் தூணில் இருக்கும் கீறல்களே சாட்சி. (சிரிப்பு) யார் என்று நான் சொல்ல மாட்டேன்.

நாம் இடித்தால் பம்பர்தான் போகும். அங்கே ஒரு சுற்றில் கால் விநாடி தாமதித்தால் பல இடங்கள் பின்னால் போய்விடலாம். மணிக்கு 300 கிலோமீட்டரில் வந்து பிரேக் பிடிக்கும் இடத்தில் "இப்போது மிதிக்கலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா" என்று யோசிக்க ஆரம்பித்தாலே அந்தக் கால் விநாடி போய்விடும். யோசிக்காமல் வந்துகொண்டிருந்ததை யோசித்துச் செய்ய வேண்டிய நிலைமை. பழகிக்கொள்ள நேரமும் இல்லை. அந்த ஆண்டு சீசனுக்கு முந்தைய சோதனை ஓட்டமே மூன்று நாள்தான், அதையும் இரண்டு ஓட்டுநர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அது கொரோனா காலம் வேறு. ஆஸ்திரேலியா எல்லையை மூடி வைத்திருந்தது. மனசு சரியில்லை, நாலு நாள் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று பெர்த்துக்குக் கிளம்பிவிட முடியாது.

2021 மொனாக்கோ. மூன்று வருஷம் முன்னால் பழுதான காரில் அவர் ஜெயித்த அதே ஊர். நோரிஸ் மூன்றாவதாக வந்தார். ரிக்கார்டோ 12-வது. அதைவிடக் கஷ்டம், நோரிஸ் அவரை ஒரு முழுச் சுற்று முந்தினார். ஒரே கார். உலகமே பார்க்கிறது.

அப்போதும் வியாழக்கிழமை ஆனால் பத்திரிகையாளர் சந்திப்பு உண்டு. விளம்பரதாரருக்கு வீடியோ உண்டு. ரசிகர்கள் கேமராவோடு நிற்பார்கள். அவர் சிரித்துக்கொண்டுதான் போனார்.

அந்தச் சிரிப்பு பொய் என்றோ முகமூடி என்றோ நான் சொல்ல வரவில்லை. நான் பார்த்தவரை அது அவருடைய சுபாவம். ஆனால் சுபாவமாக இருந்ததே ஒரு கட்டத்தில் வேலையாகிவிடும். ஜெயித்த நாட்களில் சிரிப்பு தானாக வந்தது. தோற்ற நாட்களில் அதை அவர் கொண்டுவர வேண்டியிருந்தது. கார் ஓட்டுவது ஒரு வேலை, சிரிப்பது இரண்டாவது வேலை. கொஞ்சம் முகம் வாடினாலும் "ரிக்கார்டோவுக்கே இப்படியா" என்று செய்தி. மற்ற ஓட்டுநர்கள் உம்மென்று இருந்தால் யாரும் எழுத மாட்டார்கள்.

இதில் எனக்கு வியப்பான விஷயம் ஒன்று உண்டு. அதே அணியில், அதே காலத்தில், வேகமாக ஓட்டிக்கொண்டிருந்த நோரிஸ்தான், தனக்கு மனச்சோர்வும் சந்தேகமும் வந்திருக்கின்றன, உதவி தேடினேன் என்று வெளிப்படையாகப் பேசியவர். இருபது வயதுப் பையன். அவர் பேசியதால் வேகம் ஒன்றும் குறையவில்லை. ஒரே கராஜில் இரண்டு பேர். ஒருவர் கவலையைச் சொன்னார், இன்னொருவரை உலகம் ஷூவில் குடிக்கச் சொன்னது.

அதே 2021 செப்டம்பரில், இத்தாலியின் மோன்சாவில், ரிக்கார்டோ ஜெயித்தார்! முதல் வளைவிலேயே முன்னால் போய், கடைசி சுற்றில் அதிவேகச் சுற்றையும் போட்டார். நோரிஸ் இரண்டாவது. மெக்லாரன் கடைசியாக ஜெயித்தது 2012-ல், அதற்குப் பிறகு இதுதான். அடுத்த வெற்றி வருவதற்கு அந்த அணி 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. யாரை "சரிப்பட்டு வரவில்லை" என்றார்களோ, அவர்தான் அந்தப் பெரிய இடைவெளியில் அணிக்குக் கிடைத்த ஒரே வெற்றியைக் கொடுத்தவர். நான் காணாமல் போகவில்லை, கொஞ்ச நாள் ஒதுங்கி நின்றேன், அவ்வளவுதான் என்ற பொருளில் அன்றைக்கு வயர்லெஸ்ஸில் பேசினார். மறுபடியும் ஷூ, மறுபடியும் ஷாம்பெயின். எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிட்டோம். "பாத்தீங்களா, ஆளு சரியாயிட்டாரு."

அங்கேதான் நாம் ஏமாந்தோம். ஒரு நல்ல நாளைப் பார்த்துவிட்டு, சரியாகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டோம். அடுத்த ஆண்டு, 2022-ல், புது விதிமுறையில் புது கார். நோரிஸ் எடுத்தது 122 புள்ளி. ரிக்கார்டோ 37. ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருஷம் இருந்தது. ஆனாலும் ஆகஸ்டிலேயே, சீசன் முடிந்ததும் பிரிகிறோம் என்று இரு தரப்பும் அறிவித்துவிட்டார்கள்.

அதன் பிறகு அவர் செய்த காரியத்தைத்தான் நான் மெச்சுகிறேன். எங்கேயாவது ஒரு ஸீட் கிடைக்காதா என்று அலையவில்லை. எனக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். 2023 தொடக்கத்தில் ரெட் புல்லின் மாற்று ஓட்டுநராக மட்டும் இருந்தார். ஜூலையில் ஆல்ஃபா டவ்ரி அணியில் ஒருவரை எழுப்பி, இவரை உட்கார வைத்தார்கள். இரண்டு பந்தயம் முடிந்து மூன்றாவதற்கு நெதர்லாந்து போனார். பயிற்சியில் தடுப்பில் மோதி இடது கை எலும்பு முறிந்தது. ஐந்து பந்தயங்கள் வீட்டில். திரும்பி வந்து மெக்சிகோவில் நான்காவது இடத்திலிருந்து புறப்பட்டு ஏழாவதாக முடித்தார். நம்பிக்கை வந்தது. 2024-ல் மறுபடியும் ஒரு வாரம் மேலே, மூன்று வாரம் கீழே.

2024 செப்டம்பர் 22, சிங்கப்பூர். அதுதான் கடைசி என்று அறிவிப்பு எதுவும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 18-வது இடம். முடிகிற நேரத்தில் புது டயர் போட்டுக்கொண்டு பந்தயத்தின் அதிவேகச் சுற்றை ஓட்டினார். பந்தயம் முடிந்ததும் எல்லோரும் இறங்கிப் போனார்கள். இவர் மட்டும் காரிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு பேட்டியில் கண் கலங்கியிருந்தது, வாய் சிரிக்க முயன்றது. நான்கு நாள் கழித்து அறிவிப்பு வந்தது. நெதர்லாந்தில் இவர் கை உடைந்தபோது இவருக்குப் பதிலாக ஓட்டிய அதே லியாம் லாசனுக்கு அந்த ஸீட். 257 பந்தயம், 8 வெற்றி, 32 முறை மேடை. நரேன் எழுந்த ஸீட்டில் ஆரம்பித்தவர், லாசனுக்கு எழுந்து கொடுத்துவிட்டுப் போனார். மியூசிக் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

அந்த இரவு, அவர் காரில் உட்கார்ந்திருந்த அந்தக் காட்சியை நான் எங்கள் ஹாலில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் மனைவி எழுந்து வந்து, "யாரோ ஒரு ஆஸ்திரேலியாக்காரன், அவனுக்கு எதுக்குங்க அழறீங்க?" என்று கேட்டார்.

நான் வண்டி உதிரிபாகம் விற்கிறவன். இருபத்து நான்கு வருஷம் கிளட்ச் பிளேட் விற்றேன். எந்த ஊர் டீலரிடம் போனாலும் ஒரு டீ, நாலு ஜோக், ஆர்டர். அலுவலகத்தில் வருஷக் கூட்டத்துக்கு நான்தான் மைக். பிறகு கம்பெனி என்னை மின்சார வண்டிப் பிரிவுக்கு மாற்றியது. மின்சார ஸ்கூட்டரில் கிளட்சே கிடையாது! எதிரில் உட்கார்ந்திருப்பது இருபத்தெட்டு வயது இன்ஜினியர். டீ வேண்டாம், ஜோக் வேண்டாம், டேட்டா ஷீட் வேண்டும். கம்பெனி மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, என் கால்தான் இல்லாத கிளட்சைத் தேடிக்கொண்டிருந்தது. ஆறு காலாண்டு தொடர்ந்து டார்கெட் அடிக்கவில்லை. பக்கத்து ஸீட்டில் இருந்த பெண், என்னிடம் பயிற்சிக்கு வந்தவர், அடித்தார்.

அந்த ஒன்றரை வருஷமும் இங்கே தம்போலா நான்தான் கூப்பிட்டேன். உங்களில் யாருக்காவது தெரிந்ததா? தெரிய நான் விடவில்லை. "எப்படி இருக்கீங்க?" என்றால் "சூப்பர்!" ராத்திரி மூன்று மணிக்கு பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்திருப்பேன். நைட் வாட்ச்மேன் பார்த்துவிட்டால் சார்ஜரைத் தேடுவதாகச் சொல்வேன்.

ஒருநாள் லிஃப்டில் சி பிளாக் பெரியவர் ஒருவர். இப்போதும் இங்கேதான் இருக்கிறார், பெயர் சொன்னால் திட்டுவார். "எப்படி இருக்கீங்க தம்பி?" என்றார். "சூப்பரா இருக்கேன் சார்." அவர் விடவில்லை. "அது சரி, அது எல்லாருக்கும் சொல்றது. நெசமா எப்படி இருக்கீங்க?"

என் மாடி வந்தது. நான் இறங்கவில்லை. லிஃப்ட் எங்களோடு மொட்டை மாடிவரை போனது.

அவர் தீர்வு எதுவும் சொல்லவில்லை. தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "வீட்டுல சொல்லியாச்சா?" என்றார். அன்று ராத்திரி வீட்டில் சொன்னேன். அடுத்த வாரம் மேலதிகாரியிடம் சொன்னேன். பழைய வண்டிகளுக்கான உதிரிபாகப் பிரிவுக்கு மாற்றல் கேட்டேன். சம்பளம் குறைந்தது. தூக்கம் வந்தது. ஒரு மனநல ஆலோசகரிடமும் சில மாதம் போனேன். இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கம் இல்லை.

சிங்கப்பூர் காட்சியைப் பார்த்து நான் அழுததற்குக் காரணம் இதுதான். காருக்குள் உட்கார்ந்திருப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

நம் குடியிருப்பிலும் சிரித்த முகக்காரர்கள் இருக்கிறார்கள். எல்லா விழாவிலும் ஓடியாடி வேலை செய்யும் அக்கா, வாட்ஸ்ஆப் குரூப்பில் காலையிலேயே ஜோக் போடும் அண்ணன், எப்போதும் கலாட்டா செய்யும் காலேஜ் பையன். அவர்கள் எல்லோரும் கஷ்டத்தில் இருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. தயவுசெய்து நாளை காலை வாக்கிங்கில் ஒவ்வொருவரையும் நிறுத்தி விசாரிக்காதீர்கள். (சிரிப்பு) நான் கேட்பது மூன்று சின்ன விஷயம்.

முதலாவது, இரண்டாவது முறை கேளுங்கள். அதுவும் தனியாக. குரூப்பில் கேட்டால் எல்லோரும் சூப்பர்தான். இரண்டாவது, அவர் வாயைத் திறந்தால், "நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வாக்கியம் போதும், மறுபடியும் சிரித்துவிடுவார். மூன்றாவது, எப்போதும் சிரிக்க வைக்கிறவருக்கு நடுநடுவே லீவு கொடுங்கள்.

வீட்டில் யாரிடமும் பேச முடியவில்லை என்றால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் பிளம்பர், எலக்ட்ரீஷியன் நம்பருக்குக் கீழே இதையும் ஒட்டச் செயலாளர் சாரிடம் கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்.

கடைசியாக, வரும் பொங்கலுக்குத் தம்போலா நம்பர் வேறு யாராவது கூப்பிடுங்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள். ஒரு தடவையாவது எதிரே உட்கார்ந்து டிக்கெட் வாங்கி, ஃபுல் ஹவுஸ் அடித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை.